லீவுல ஒரு வேலை: பாம்புப் பண்ணையிலிருந்து ஆமை நடை வரை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. கடப்பாக்கத்துல ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. கோடை லீவுல எங்கயாவது இன்டர்ன்ஷிப் பண்ணணுமாம், கடல் உயிரினம் சம்பந்தமா இருந்தா ரொம்ப சந்தோஷமாம். "யாரைக் கேட்டாலும், உனக்கு அங்க யாரைத் தெரியும்னு திருப்பிக் கேக்குறாங்க. எனக்கு யாரையும் தெரியாது"ன்னு முடிச்சிருந்தாங்க.

இது வரலாறு பேசுற நிகழ்ச்சி, கரியர் கைடன்ஸ் இல்ல. ஆனா அந்தக் கடைசி வரி மனசுல நின்னுடுச்சு. ஏன்னா, யாரையும் தெரியாதவங்களுக்கு வழி சொல்ற ஒரு இலக்கிய வகையே தமிழ்ல இருக்கு. ஆற்றுப்படை. பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்ற ஒரு கலைஞர், பசியோட எதிர்ல வர்ற இன்னொரு கலைஞர்கிட்ட, இந்த வழியா போ, இந்த ஊர்ல தங்கு, இவரைப் போய்ப் பாருன்னு சொல்றதுதான் மொத்தப் பாட்டும். பத்துப்பாட்டுல இருக்கிற சிறுபாணாற்றுப்படை அப்படிப்பட்ட ஒண்ணு. அதை எழுதினவர் பேர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கடப்பாக்கம் இன்னைக்கு எந்தப் பேரூராட்சியில இருக்கு? இடைக்கழிநாடு பேரூராட்சி. ஈசிஆர்ல போறப்போ போர்டுல பாத்திருப்பீங்க. கிழக்கே கடல், பக்கத்துல உப்பங்கழி, கழி ஓரத்துல ஆலம்பரைக் கோட்டையோட இடிஞ்ச செங்கல் சுவர். அந்த மண்ணுக்காரர் ஒருத்தர் 269 அடியில வழி சொல்லிட்டுப் போயிருக்கார். அதே ஊர்ப் பொண்ணு இன்னைக்கு வழி சொல்ல ஆள் இல்லன்னு நிக்குது.

அதனால இன்னைக்குக் கேள்வி இதுதான். செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரையில படிக்கிற வயசுப் பசங்க வேலை கத்துக்கப் போன கதை என்ன? அவங்களுக்கு யார் வழி சொன்னாங்க?

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1794-ல புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கத்துல ஒரு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. மொத்தம் எட்டுப் பசங்க. பின்னாடி கிண்டி பொறியியல் கல்லூரியா வளர்ந்தது அதுதான். அந்தப் பசங்களை அனாதை விடுதியிலேருந்து கொண்டு வந்தாங்க. கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேணும், இங்கிலாந்துலேருந்து வர்ற ஆளுக்குச் செலவு அதிகம், அதனால இங்கேயே பயிற்சி கொடுத்துக்கலாம்னு ஒரு கணக்கு. அந்தப் பள்ளியில படிச்ச ஜோஷுவா டி பென்னிங், வில்லியம் லாம்டனோட பல வருஷம் சர்வே வேலை பார்த்தார். லாம்டன் பரங்கிமலைப் பக்கத்துல தன்னோட அடிக்கோட்டை அளந்தது 1802-ல, ஏப்ரல் 10-லேருந்து மே 22 வரைக்கும். தேதியைப் பாருங்க, அப்படியே நம்ம கோடை லீவு! ஏழரை மைல் தூரத்தை அந்த வெயில்ல சங்கிலி போட்டு அளந்திருக்காங்க. அங்கேருந்து முக்கோணம் முக்கோணமா இந்தச் செங்கல்பட்டுப் பக்கம் வழியா கடலூர் வரைக்கும் அளவை இறங்குச்சு.

ஆனா அதை இன்டர்ன்ஷிப்னு சொல்ல எனக்கு மனசு வரல. அந்தப் பசங்க யாரும் விரும்பித் தேடிப் போகல. வேற போக்கு இல்லாதவங்களைச் சேர்த்துவிட்டாங்க. லீவுல தானா ஒரு இடத்தைத் தேடிப் போய் கத்துக்குறதுன்னா, இந்தக் கடற்கரையில அது 1970-கள்லதான் ஆரம்பிக்குது.

ராமுலஸ் விட்டேகர்னு ஒருத்தர். நியூயார்க்ல பிறந்து, சின்ன வயசுலேயே இந்தியா வந்து, கொடைக்கானல்ல படிச்சவர். இருபது வயசு வாக்குல அமெரிக்கா போய், மயாமியில பில் ஹாஸ்ட் நடத்தின பாம்புக் கூடத்துல வேலைக்குச் சேர்ந்தார். ஹாஸ்ட் விஷம் எடுக்குறதுல பெரிய ஆள். விட்டேகருக்கு அதுதான் பள்ளிக்கூடம். திரும்பி வந்து சேலையூர்ல சின்னதா ஒரு பாம்புப் பண்ணை வச்சார். 1972-ல அது கிண்டிக்கு வந்தது. நாம ஸ்கூல் டூர்ல போற அதே பாம்புப் பண்ணைதான். 1976-ல வடநெம்மேலியில முதலைப் பண்ணை.

இந்த ரெண்டு இடத்தையும் சுத்தி ஒரு இளவட்டக் கூட்டம் சேர்ந்தது. கூண்டு கழுவுறது, எலி எண்ணுறது, வர்றவங்களுக்கு விளக்கம் சொல்றதுன்னு ஆரம்பிச்சு, ராத்திரியானா கடற்கரையில நடக்கப் போனாங்க.

எதுக்குன்னா, ஆமை. ஆங்கிலத்துல ஆலிவ் ரிட்லி, நம்ம மீனவர்களுக்கு பங்குனி ஆமை. ஜனவரி தொடங்கி பங்குனி வரைக்கும் ராத்திரியில கரையேறி, மணல்ல குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல போட்டுட்டுப் போயிடும். விடியறதுக்குள்ள நாயோ மனுஷனோ அந்த முட்டையை எடுத்துடுவாங்க. 1973, 74 வாக்குல விட்டேகரும் நண்பர்களும் நடந்து நடந்து தடம் பார்த்து, முட்டையை எடுத்து, வேலி போட்ட ஒரு இடத்துல அதே ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைச்சு வச்சாங்க. 45 நாள்லேருந்து 60 நாளுக்குள்ள குஞ்சு வரும். வந்ததும் கடல்ல விடணும். பொரிப்பகம்ங்கிறது அவ்வளவுதான். பெரிய கருவி எதுவும் வேண்டாம். நடக்கக் கால் வேணும், கண்ணு முழிக்கணும், ஒரு நோட்டுல கணக்கு எழுதணும். பதினாறு வயசுப் பிள்ளையால தாராளமா முடியும்.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர் சதீஷ் பாஸ்கர். ஐஐடி மெட்ராஸுக்குப் பொறியியல் படிக்க வந்தவர். மனசு வகுப்புல ஒட்டல, கடல்லயே கிடப்பாராம். பாம்புப் பண்ணையோட களப்பணியாளரா ஆகி, இந்தியக் கடற்கரையையும் தீவுகளையும் ஆமைக்காக நடந்தே அளந்தார். 1982 மழைக்காலத்துல லட்சத்தீவுல, சுஹேலிங்கிற இடத்துல, ஆளே இல்லாத ஒரு தீவுல மாசக்கணக்கா தனியா தங்கினார். அங்கேருந்து மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டில்ல அடைச்சுக் கடல்ல போட்டார். அது இலங்கைக் கரையில ஒதுங்கி, ஒரு மீனவர் கையில கிடைச்சு, அவர் அதை வீட்டுக்கே அனுப்பி வச்சார். சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம். அவர் 2023-ல காலமானார்.

இப்போ என் பிடித்தமான ஆண்டு, 1988. நடுவுல கொஞ்ச காலம் பொரிப்பக வேலையை அரசு எடுத்து நடத்துச்சு. முதல்ல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம், அப்புறம் வனத்துறை. அது நின்னு போனப்போ சென்னை மாணவர்கள் சிலர் தாங்களே ஆரம்பிச்சதுதான் ஸ்டூடன்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க். பேர்லயே மாணவர் இருக்கு பாருங்க. நீலாங்கரையிலேருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி நடை. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் கார்த்திக் சங்கர், பின்னாடி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல பேராசிரியர் ஆனார். சேர விண்ணப்பமும் கிடையாது, சர்டிபிகேட் தர மேலதிகாரியும் கிடையாது. செய்ய வேண்டிய வேலை கிடந்தது, செய்யத்தான் ஆள் இல்ல. அவங்க போய் நின்னாங்க.

(ஒரு சின்ன புலம்பல்: ஆமைக்கு நம்ம பொதுத்தேர்வு அட்டவணை தெரியாது. சரியா ரிவிஷன் டெஸ்ட் சமயத்துலதான் முட்டை போட வரும். அத்தனை ராத்திரி கண்ணு முழிச்ச பசங்க எப்படி வீட்டுல சமாளிச்சாங்கன்னு யாராவது தனியா ஒரு வரலாறு எழுதணும்.)

இதுவரைக்கும் கேட்க நல்லா இருக்கு, இல்லையா? இங்கதான் நான் நிறுத்தணும். இந்தக் கதையில வர்ற பேரெல்லாம் எந்த ஊர்ப் பேர்? ஐஐடி, பெசன்ட் நகர், கொடைக்கானல். ஒருத்தருக்கு ஒருத்தர் வழி சொல்லிக்கிட்டாங்க. அந்த வழி நகரத்துக்குள்ளேயே சுத்துச்சு. சம்பளம் இல்லாம ஒரு சீசன் முழுக்க நடக்கணும்னா, வீட்டுல சாப்பாடு கவலை இல்லாம இருக்கணும். அவங்க உழைப்பை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா இதையும் சேர்த்துச் சொல்லலன்னா பாதி வரலாறுதான்.

மறு பாதி இருளர்கள். விட்டேகர் மயாமியில விஷம் எடுக்கக் கத்துக்கிட்டார், சரி. வயல்ல, புதர்ல பாம்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். அம்மா அப்பாவோட வரப்புல நடந்து, எலி வளைக்கும் பாம்புத் தடத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சுக்குற குழந்தைங்க அங்க இருந்தாங்க. அதுக்கு யாரும் பயிற்சின்னு பேர் வைக்கல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரம் நின்னப்போ அவங்க பிழைப்பும் நின்னுச்சு. 1978-ல இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் பதிவாச்சு. வடநெம்மேலியில முதலைப் பண்ணை வளாகத்துலேயே இடம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் வனத்துறை அனுமதியோட பிடிச்சு, சில வாரம் பானையில வச்சு விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. நாட்டுல பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்துல பெரும்பங்கு பல வருஷமா இங்கேருந்துதான் போச்சு.

2017-ல மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்கள் அமெரிக்காவுக்குப் போனாங்க. ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துல பர்மிய மலைப்பாம்பு பெருகிப்போய், அங்கிருக்கிறவங்களால கண்டுபிடிக்க முடியல. இவங்க ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பைப் பிடிச்சாங்க. விட்டேகர் இளைஞரா இருந்தப்போ தொழில் கத்துக்கப் போன அதே ஃப்ளோரிடா. அம்பது வருஷம் கழிச்சு சொல்லித்தர ஆள் செங்கல்பட்டுலேருந்து போகுது. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

மீனவர் வீடுகள்லயும் இதே கதைதான். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சரியா பள்ளி லீவோட வருது. கரையில வலை சரி பண்ண உட்கார்ற பையனுக்கு எந்த நீரோட்டத்துல என்ன வரும்னு தெரியும். ஆமை எந்தப் பக்கம் ஏறும்னு ஆராய்ச்சி பண்ண வர்றவங்க முதல்ல போய்க் கேக்குறது அவங்க வீட்டுலதான். ஆனா ரெஸ்யூமேல அதை எழுதலாம்னு அந்தப் பையன்கிட்ட யாரும் சொல்றதில்ல. சட்டம்கூட 2016 திருத்தத்துல, லீவு நாள்லயும் பள்ளி நேரத்துக்கு அப்புறமும் குடும்பத் தொழில்ல, ஆபத்தில்லாத வேலையில குழந்தைங்க உதவலாம்னுதான் சொல்லுது. ஒரே கோடை லீவு. நகரத்துல அதுக்குப் பேர் எக்ஸ்போஷர், குப்பத்துல அதுக்குப் பேர் வீட்டு வேலை.

சரி தங்கச்சி, உங்களுக்கு வருவோம். வடநெம்மேலி உங்க ஊர்லேருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல. தினமும் போய் வர்றது கஷ்டம், பஸ் செலவும் இருக்கு. எழுதிக் கேக்குறப்போ வயசு வரம்பு என்ன, தங்க இடம் உண்டா, பயணக் காசு உண்டான்னு மூணையும் முதல்லேயே கேளுங்க. அதைக் கேக்குறது தப்பே இல்ல. 2025 ஜனவரியில சென்னை, செங்கல்பட்டுக் கரைகள்ல ஆயிரத்துக்கும் மேல ஆமை செத்து ஒதுங்கினப்போ, முதல்ல தெரிஞ்சது கரையில தினமும் நடக்குறவங்களுக்குத்தான். உங்க வீட்டுலேருந்து கடல் எத்தனை நிமிஷம்? ஜனவரியிலேருந்து ஒரு நோட்டு போடுங்க: தேதி, நேரம், தடம் இருந்ததா, செத்த ஆமை இருந்ததா, எந்த இடம். ராத்திரி தனியா வேண்டாம், விடிஞ்சதும் வீட்டுல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. முட்டையைத் தொடாதீங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. மூணு மாச நோட்டோட ஒரு ஆராய்ச்சியாளருக்கு மெயில் போட்டா, யாரைத் தெரியும்னு அவர் கேக்க மாட்டார்.

இன்னொண்ணு. இஸ்ரோவோட யுவிகான்னு ஒரு திட்டம். 2019-ல தொடங்கினது. மே மாசம் ரெண்டு வாரம் இஸ்ரோ மையத்துலேயே தங்கிப் படிக்கலாம், செலவு அவங்களோடது. அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்குல வரும். கிராம ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்குத் தனி மதிப்பெண் இருக்கு, ஆனா உங்க ஊர் பேரூராட்சி, அதனால அந்த இடத்தை நிதானமாப் படிங்க. ஒன்பதாவது படிக்கிறவங்க மட்டும்தான் சேர முடியும். உங்களுக்கு ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. உங்க தெருவுல ஒன்பதாவது போற பொண்ணு யாராவது இருந்தா, இன்னைக்கு சாயங்காலமே போய்ச் சொல்லிடுங்க.