கிரேக்கக் கடன் யார் தலையில் விழுந்தது?

2010இல் நான் ஜெர்மனியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். "நம் வரிப்பணத்தைக் கிரேக்கர்கள் தின்கிறார்கள்" என்று வகுப்பில் ஒரே கொதிப்பு. பணம் போன வழியைப் பார்த்தால் கதை வேறு.

2001இல் கிரேக்கம் யூரோவில் சேர்ந்தது. அதன்பிறகு சில வருடங்கள் ஜெர்மனிக்குக் கிடைத்த வட்டிக்கே ஏறக்குறைய அதற்கும் கடன் கிடைத்தது. பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் தாராளமாகக் கொடுத்தன. (வாங்கியவரின் ஊதாரித்தனத்தைப் பேசுகிறோம், கொடுத்தவரின் கணக்கை யாரும் கேட்பதில்லை.) 2009இல், பற்றாக்குறை சொன்னதைவிட மிக அதிகம் என்று புதிய அரசு அறிவித்தது. வட்டி எகிறியது. சொந்த நாணயம் இருந்தால் அதன் மதிப்பைக் குறைத்துச் சமாளித்திருக்கலாம். திராக்மாதான் போய்விட்டதே!

2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ மீட்புக் கடன் அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவே போனது. 2012 மார்ச்சில்தான் தனியாரிடமிருந்த பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டப்பட்டது. அதற்குள் பலர் முழுப்பணத்தோடு வெளியேறியிருந்தார்கள். இந்தத் தாமதம் தனியார் தப்பிக்க நேரம் கொடுத்தது என்று ஐ.எம்.எஃப். 2013இல் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. மிச்சம் அண்டை நாடுகளின் வரிசெலுத்துவோர் தலையில் விழுந்தது. வங்கிகளின் வழக்கு இரண்டு மக்களின் சண்டையாக மாறியது இப்படித்தான்.

1953 லண்டன் ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனியின் கடன் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. கையெழுத்திட்ட நாடுகளில் கிரேக்கமும் ஒன்று. 2015இல் கிரேக்கம் அதே சலுகையைக் கேட்டபோது ஐரோப்பிய அரசுகள் அசலைக் குறைக்க மறுத்தன. பிறகு தவணைக் காலத்தை நீட்டின.