தோற்ற ஆட்டம், தேடி வந்த ரசிகர்கள்: யார் இந்த ஹசான் சன்னி?

2024 ஜூன் மாதம், தெம்பனிஸில் உள்ள ஒரு நாசி லெமாக் கடைக்குச் சீன ரசிகர்கள் தேடித்தேடி வந்தார்கள். கடை, சிங்கப்பூர் அணியின் கோல்காப்பாளர் ஹசான் சன்னியுடையது.

அவர் என்ன செய்தார்? சொன்னால் சிரிப்பீர்கள். 3-1 என்று தோற்றார்!

ஜூன் 11, பேங்காக். உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் தாய்லந்துடன் கடைசி ஆட்டம். சிங்கப்பூருக்கு அடுத்த சுற்று வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் அதே இரவு தென்கொரியாவிடம் 1-0 எனத் தோற்ற சீனாவின் கதி, இந்த ஆட்டத்தின் கையில்.

தாய்லந்து இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் சீனா வெளியே. ஹசான் விடவில்லை. 40 வயதில் 11 கோல் முயற்சிகளைத் தடுத்தார்.

முடிவில் இரு அணிகளுக்கும் 8 புள்ளி, கோல் வித்தியாசமும் சமம். அப்புறம் எப்படிச் சீனா முன்னேறியது? தாய்லந்துடன் நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றில் 2-1 என வென்று, மற்றதில் 1-1 எனச் சமநிலை கண்டிருந்தது.

ஹசான் தேசிய அணிக்கு முதலில் ஆடியது 2004இல். ஆனால் அப்போது முதல் தேர்வு லயனல் லூயிஸ்தான். கோல்காப்பாளர் வாழ்க்கையே அப்படித்தான். பிரான்ஸின் ஸ்டீவ் மண்டண்டா 2018இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம்!

ஹசான் காத்திருந்தார். தாய்லந்தின் ஆர்மி யுனைடெட் குழுவுக்கும் போய் ஆடினார். திரும்பி வந்து 2021இல் லயன் சிட்டி செய்லர்ஸ் குழுவுடன் லீக் கிண்ணத்தை வென்றார். தேசிய அணிக்கு 100 ஆட்டங்களுக்கு மேல் ஆடிவிட்டார்.

அதே 2021, கிறிஸ்துமஸ் இரவு உங்களுக்கு நினைவிருக்கலாம். சுசுகி கிண்ண அரையிறுதி, எதிரணி இந்தோனேசியா. ஏற்கெனவே இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியிருந்தனர். கூடுதல் நேரத்தில் ஹசானுக்கும் சிவப்பு அட்டை. தாக்குதல் ஆட்டக்காரர் இக்சான் ஃபாண்டி கையுறை மாட்டிக்கொண்டு கோல் முன் நிற்க வேண்டியதாயிற்று. எட்டுப் பேருடன் போராடி 4-2 எனத் தோற்றோம்.

கடைக்கு வருவோம். நேரில் வர முடியாத சீன ரசிகர்கள் கடையின் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்திப் பணம் அனுப்பினார்கள். போலிக் குறியீடுகளில் அவர்கள் ஏமாறக்கூடும் என்ற கவலை ஹசானுக்கு. பணம் அனுப்புவதை நிறுத்துங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

நம்மில் எத்தனை பேர் அதற்குமுன் அங்கே சாப்பிட்டிருப்போம்?