பஞ்சடைத்த போத்தல்



சிங்கப்பூர் சென்று சிராங்கூன் சாலையில் நடந்தவர்கள், பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் உள்ள பூக்கடைகளைப் பார்த்திருப்பார்கள். மல்லிகை, சாமந்தி, ரோஜாவோடு ஊதா நிற ஆர்க்கிட் பூவும் அங்கே மாலையில் ஏறியிருக்கும். மல்லிகை நம் முன்னோரோடு கப்பலேறி வந்த பழக்கம். ஆர்க்கிட் இந்த மண்ணின் காட்டுச் செடி. அது பண்ணைப் பயிராகி, மாலை கட்டுகிறவர் கைக்கு வந்து சேர்வதற்கு, ஒரு போத்தலுக்குள் பூஞ்சணம் புகாமல் தடுக்கும் வித்தை முதலில் கைவர வேண்டியிருந்தது. அந்த வித்தையின் வரலாற்றையும், அதைச் சாதாரண வீட்டு மேசையில் செய்யும் விதத்தையும் இன்று பேசலாம் என எண்ணுகிறோம்.

நம்மவர்கள் பூமலை என்று அழைக்கும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் 1859-இல் தோன்றியது. 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் வந்திறங்கியது சிங்கப்பூரில்தான். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்த ரிட்லி, 1888 முதல் 1912 வரை பூமலையை நடத்தியவர். ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் ஆர்மீனியப் பெண்மணி சிங்கப்பூரில் வளர்த்த கலப்பின ஆர்க்கிட்டை 1893-இல் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. அந்த மலர் 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. ரப்பரின் கதையை நம் வீடுகளில் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். போத்தலின் கதையைச் சொல்வார் இல்லை.

ஆர்க்கிட்டின் விதை மாவுத் தூளைப் போன்றது. ஒரு காய்க்குள் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்குள் அரிசி இருப்பது போலவோ, கடலைக்குள் பருப்பு இருப்பது போலவோ அதனுள் சேமித்த உணவு கிடையாது. காட்டில் அது எவ்வாறு முளைக்கிறது? 1899-இல் பிரான்ஸ் நாட்டு நோயல் பெர்னார் என்பவர் காட்டு ஆர்க்கிட் நாற்றுகளை ஆராய்ந்து, அவற்றினுள் ஒரு பூஞ்சணம் குடியிருப்பதைக் கண்டார். அப்பூஞ்சணமே விதைக்கு உணவூட்டும் செவிலித்தாய். அக்காலத்து வளர்ப்பாளர்கள் தாய்ச்செடியின் அடியிலேயே விதையைத் தூவிவிட்டு, முளைத்தால் முளைக்கட்டும் என்று காத்திருந்ததற்கு இதுவே காரணம். அங்கே அந்தப் பூஞ்சணம் இருந்தது.

1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன் வேறொரு வழி காட்டினார். சர்க்கரையும் சில உப்புகளும் கலந்த கூழில் விதையை இட்டால் பூஞ்சணத்தின் துணையின்றியே அது முளைக்கும் என்றார். சிக்கல் அங்கேதான் தொடங்கிற்று. சர்க்கரைக் கூழ் விதைக்கு மட்டுமா இனிக்கும்? காற்றில் மிதக்கும் எல்லாப் பூஞ்சணமும் கிருமியும் அதை நாடி வரும். விதை முளைக்க வாரங்கள் ஆகும். பூஞ்சணத்துக்கு மூன்று நாள் போதும்.

அந்தக் கூழைப் பற்றி ஒரு சொல். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் நாம் காய்ச்சி, வண்ணம் ஊற்றி, துண்டு போடும் அகர்-அகர்தான் அது. 1881-இல் ஜெர்மனியில் கிருமி ஆராய்ந்துகொண்டிருந்த ஹெஸ்ஸே என்பவரின் சோதனைக் கூழ் கோடை வெயிலில் உருகிப் பாழாயிற்று. உங்கள் பலகாரம் மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று அவர் தம் மனைவி ஃபேனியைக் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்களிடம் அந்த அம்மையார் அகர்-அகரைக் கற்றிருந்தார். அன்றுமுதல் உலகத்து ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றிலும் அந்த மலாய்ச் சொல்லே வழங்குகிறது. சமையலறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போன பொருள் இது. திரும்பவும் சமையலறைக்கு வருவதில் வியப்பென்ன?

நட்சனின் முறையைச் சிங்கப்பூரில் நிலைநாட்டியவர் எரிக் ஹோல்ட்டம். 1922-இல் பூமலைக்கு வந்து பின்னர் இயக்குநரானவர். 1928-இல் கலப்பின ஆர்க்கிட் வளர்ப்பைத் தொடங்கினார். 1931-இல் ஸ்பேத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ் என்ற அவரது முதல் கலப்பினம் பூத்தது. அவர் பணியாற்றிய கட்டடம் அவர் பெயரோடு இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதே 1928-இல் ஹோல்ட்டமும், வழக்கறிஞர் ஜான் லேகாக்கும், எமில் கலிஸ்தானும் சேர்ந்து மலாயா ஆர்க்கிட் சங்கத்தை நிறுவினார்கள். சங்கம் அமைந்ததை நாம் பெரிதாக எண்ணுகிறோம். ஆய்வுக்கூடத்து வேலை வீட்டுக்காரர்களின் வேலையாவதற்கு அப்படியொரு கூட்டம் வேண்டும்.

இனி அந்த வேலையைப் பார்ப்போம். நம்மில் பால்மரம் வெட்டிய குடும்பத்தார்க்கு இது முற்றிலும் புதிதன்று. பட்டையில் பூஞ்சணம் பிடித்த மரத்தை வெட்டியபின் கத்தியை மருந்து நீரில் நனைத்து அடுத்த மரத்துக்குப் போனோம். தகட்டில் பூஞ்சணம் பூக்காதிருக்கப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கத்தியிலும் கையிலும் ஏறி வரும் என்பது நமக்குத் தெரிந்த செய்தியே.

முதலில் போத்தல். கூழைக் காய்ச்சி ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து, அழுத்தச் சமையற்பானையில் வைக்க வேண்டும். வெறும் கொதிநீரில் சாகாத கிருமி வித்துகள் உண்டு. சதுர அங்குலத்துக்கு 15 ராத்தல் அழுத்தத்தில் வெப்பம் 121 பாகை செல்சியஸுக்கு உயரும். 20 நிமிடம் அவ்வாறு இருந்தால் அவையும் மடியும். ஆறிய போத்தல்களை விதையிடாமலே ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. கெடுவது அப்போதே கெட்டுவிடும், விதை வீணாகாது.

அடுத்து அறை. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வேலைக்கு முன் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் தரையில் கிடந்த வித்தெல்லாம் காற்றில் ஏறும். ஈரத் துணியால் துடைத்து, சன்னலை மூடி, விசிறியை நிறுத்தி, ஒரு மணி நேரம் அறையைச் சும்மா விடவேண்டும். தூசி தானே கீழே படியும். மேசைமேல் கண்ணாடி முகப்புள்ள பெட்டி ஒன்று. கை நுழைய இரண்டு துளைகள். பெட்டியின் உட்புறத்தை வெளுப்புத்தூள் கரைத்த நீரால் துடைத்துக் காயவிட வேண்டும். கையை முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். போத்தல் திறந்திருக்கும்போது பேச்சு கூடாது. விதையை வெளுப்பு நீரில் 10 முதல் 15 நிமிடம் குலுக்கி எடுப்பார்கள். 140 மில்லிலிட்டர் நீருக்கு 10 கிராம் தூள் என்பது 1915-இல் வில்சன் என்பவர் வகுத்த அளவு. கம்பியைச் சுடரில் செந்தழலாகக் காய்ச்சி, ஆறவிட்டு, போத்தலை நிமிர்த்தாமல் சாய்த்துப் பிடித்து, வாயையும் சுடரில் காட்டி, விதையை இட்டவுடன் பஞ்சை அடைக்க வேண்டும். சாய்த்துப் பிடிப்பது ஏனெனில், காற்றில் மிதப்பவை மேலிருந்து கீழ்நோக்கித்தான் விழும். கொதிக்கும் பானையின் ஆவிக்கு நடுவே போத்தலைப் பிடித்து, பெட்டியே இல்லாமல் விதையிட்டவர்களும் உண்டு.

தாய்மார்கள் இரண்டு ஆபத்துகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஸ்பிரிட். அதைப் பெட்டிக்குள் தெளித்துவிட்டு விளக்கேற்றினால் தேங்கிய ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும். ஸ்பிரிட்டால் துடைப்பதானால் முற்றிலும் காய்ந்து, அதன் போத்தலை அப்புறப்படுத்தி, கையும் உலர்ந்த பின்னரே சுடர். இரண்டாவது, தோட்டப்புற வீடுகளுக்கே உரியது. பாலைக் கட்டவைக்கும் ஆசிட்டும், பால் கட்டாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவும் சில வீடுகளில் இருக்கும். வெளுப்புத்தூளோடு இவற்றில் எது சேர்ந்தாலும் நெஞ்சை அடைக்கும் நச்சுக்காற்று எழும். சுத்தம் கூடுமென்று இரண்டையும் கலப்பவர் உயிருக்கே ஆபத்து.

நான்கு நாள் கழித்துப் பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தோன்றினால், அதன் இடத்தைப் பாருங்கள். புள்ளி விதையைச் சுற்றி மட்டும் இருந்தால் விதை சரியாகக் கழுவப்படவில்லை. கூழின்மேல் அங்குமிங்குமாக இருந்தால் காற்றில் வந்தது. எல்லாப் போத்தலும் ஒன்றுபோல் கெட்டால் பானையின் அழுத்தம் போதவில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் விடைத்தாள் திருத்துவதும் இப்படித்தான். எந்தப் படியில் கணக்குத் தவறியது என்று கண்டால்தான் அடுத்த தாளில் திருந்தும்.

லயத்து வீட்டில் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர் உண்டு. 1874-இல் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமை நிலையம் திறந்து, கப்பலில் வந்த ஏழைப் பயணிகளை அங்கே நிறுத்திவைத்தார்கள். நோய்க்கு அஞ்சிச் செய்ததுதான், தேவையும் இருந்தது. ஆனால் அழுக்கு என்பது ஒரு கூட்டத்தாரின் உடன்பிறப்பு என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. பூஞ்சண வித்து ஆள் பார்ப்பதில்லை. பளிங்குத் தரை போட்ட மாளிகையில் விசிறி சுழன்றால் அங்கேயும் போத்தல் கெடும். பலகை வீட்டில் காற்று அசையாதிருந்தால் இங்கேயும் விதை முளைக்கும்.

காளான் வளர்க்க விரும்புவோருக்கும் இதே பெட்டிதான் பயன்படும். அங்கே பூஞ்சணமே பயிர் என்பதுதான் வேடிக்கை. செம்பனைக் குலைக் கழிவுக் குவியலில் தானாக முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைத்தவர்கள் நம்மிடையே பலர். அதையே பயிராக்க, கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் 1943-இல் வைக்கோல் காளான் வளர்ப்பு முறையை வெளியிட்டார்கள். வைக்கோலை ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்தால் சிப்பிக் காளான் படுக்கைக்குப் போதும். காளான் வித்தோ வேறு. அரைவேக்காட்டுச் சோளத்தைப் போத்தலில் நிரப்பி, பஞ்சடைத்து, அழுத்தத்தில் 2 மணி நேரம் வைத்து, ஆர்க்கிட் விதைக்குச் சொன்ன அத்தனை எச்சரிக்கையோடும் தாய்வித்தை உள்ளே இட வேண்டும். முதலில் வித்தை விலைக்கு வாங்கிப் படுக்கை போட்டுப் பழகுங்கள் என்பதே எங்கள் யோசனை. போத்தல் வேலை பிறகு வரட்டும்.

ஆர்க்கிட்டுக்குத் திரும்புவோம். 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோதும் ஹோல்ட்டம் பூமலையிலேயே இருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். போருக்குப்பின் 1951-இல் லேகாக்கும் லீ கிம் ஹோங்கும் மண்டாயில் ஆர்க்கிட் பண்ணை அமைத்தார்கள். 1960-இல் பிரான்ஸின் ஜார்ஜ் மோரல், விதையின்றி நுனிக் குருத்திலிருந்தே ஆர்க்கிட்டைப் பெருக்கும் வழியைக் காட்டினார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ஏ. என். ராவ் திசு வளர்ப்பு ஆராய்ச்சியை வளர்த்தார். இன்று சிராங்கூன் சாலைக்கு வரும் ஆர்க்கிட் பூக்கள் மலேசியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வருகின்றன.

பூமலையில் 1861-இல் நட்ட புலி ஆர்க்கிட் ஒன்று இன்றும் பெரும் புதராக நிற்கிறது. ஆர்க்கிட்டுகளுள் மிகப் பெரிய இனம் அது. சிங்கப்பூர்க் காடுகளிலோ அவ்வினம் அற்றுப்போயிருந்தது. 1990களில் பூமலை ஆராய்ச்சியாளர்கள் அதன் விதையைப் போத்தலில் முளைக்கவைத்து, நாற்றுகளைச் சாலையோர மரங்களின் கிளையிடுக்கில் கட்டத் தொடங்கினார்கள். அவற்றுள் சில இப்போது பூக்கின்றன. சிங்கப்பூரில் பேருந்துக்காக நிற்கும்போது மரத்தை அண்ணாந்து பாருங்கள், மஞ்சளில் பழுப்புப் புள்ளியிட்ட பூங்கொத்து கண்ணில் படலாம்.