திருவொற்றியூர் யோக மரபு

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கடலோரத்தில் வெவ்வேறு காலங்களில் வேரூன்றிய தவநெறிகளின் வரலாறு இத்தலைப்பில் அடங்கும். பாசுபதர், சைவ சித்தாந்தத் துறவியர், சித்தர் எனப் போற்றப்பட்டோர், சூஃபி ஞானியர், இராமலிங்க அடிகள் ஆகியோர் இதில் இடம்பெறுவர். இவர்களை ஒரே குரு பரம்பரையாகக் கோப்பதற்குச் சான்று இல்லை. சாதகன் ஒரே தாவலில் பேறு எய்துவதில்லை, படிப்படியாகவே ஏறவேண்டும் என்பதில் மட்டும் இவர்கள் ஒன்றுபடுகின்றனர். படிகள் எத்தனை, முதற்படி எது என்பதில் வேறுபடுகின்றனர்.

படிமுறை

பதஞ்சலியின் யோக சூத்திரம் எட்டு உறுப்புகளைக் கூறும். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அதே எட்டையும் எடுத்துக்கொள்கிறது: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. ஆனால் பதஞ்சலியில் இயமமும் நியமமும் ஐந்தைந்து, திருமூலரில் பத்துப்பத்து. மூச்சுக்கு 16 மாத்திரை உள்ளிழுத்தல், 64 நிறுத்தல், 32 வெளிவிடல் என்ற கணக்கையும் அந்நூல் தருகிறது. ஒவ்வோர் உறுப்பாலும் கிடைக்கும் பேற்றைத் தனித்தனியே சொல்லி, பிறகு அட்டமாசித்திக்குச் செல்வது அதன் முறை.

சைவ சித்தாந்தத்தில் யோகம் ஏணியின் மூன்றாம் படி. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கும் முறையே தாச, சற்புத்திர, சக, சன்மார்க்கங்கள் எனப்படும். இவற்றின் பயன் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம். இறைவனின் ஊரில் வாழ்தல், அவன் அருகில் இருத்தல், அவன் வடிவைப் பெறுதல், அவனோடு கலத்தல் என்று இவற்றுக்குப் பொருள் கூறுவர்.

தொடக்க காலம்

தேவார மூவரும் திருவொற்றியூர்த் தலத்தைப் பாடியுள்ளனர். அறுபத்துமூவருள் ஒருவரான கலிய நாயனார் இவ்வூர்ச் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த செக்கார். செல்வம் தீர்ந்து, விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியற்ற நாளில், எண்ணெய்க்குப் பதிலாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்து கழுத்தை அரிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நான்கு படிகளில் சரியைக்கு எடுத்துக்காட்டாக அவரைக் கொள்ளலாம். பல்லவர் காலத்தில் (9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) நிரஞ்சன குரவர் என்ற துறவி இங்கு நிரஞ்சனேசுவரம் என்னும் கோயிலை எடுத்தார்.

சதுரானன பண்டிதர்

இம்மரபில் விரிவான சான்று கிடைப்பது 10ஆம் நூற்றாண்டுக்கே. அதுவும் பெரும்பாலும் ஒரே மனிதரைப் பற்றியது.

கேரளத்தில் பிறந்த வல்லபர் கல்வி கற்றபின் சோழ நாட்டுக்கு வந்து, முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தனுக்கு நெருங்கியவரானார். சோழர் எல்லையின் வடபகுதியில் படையோடு தங்கியிருந்தான் அந்த இளவரசன். 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்கும் சோழருக்கும் பெரும்போர் மூண்டது. கங்க மன்னன் பூதுகன் கிருட்டிணன் பக்கம் நின்றான். இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். பிற்காலச் சோழர் ஆவணங்கள் அவனை ‘ஆனைமேல் துஞ்சின’ என்ற அடைமொழியோடுதான் குறிக்கின்றன.

தலைவன் வீழ்ந்தால் உடன் வீழ்வது அக்காலப் படைத்தலைவர்க்கு உரிய அறம். வல்லபர் அப்போது உடன் இறக்கவில்லை. தம் குலத்துக்கும் தம் தலைவனுக்கும் தகாத செயலைச் செய்துவிட்டதாக அவர் வருந்தினார் என்று திருவொற்றியூர்க் கல்வெட்டே கூறுகிறது. அவர் கங்கையில் நீராடி, திருவொற்றியூர் வந்து, நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்றுச் சதுரானனர் என்ற பெயருடன் அங்கிருந்த மடத்தின் தலைவரானார். கோயில் கல்வெட்டுகளில் கொடையாளியின் சிறப்பு விரிவாக வரும். அவர் நெஞ்சின் உறுத்தல் பொறிக்கப்படுவது அரிது.

அந்தச் செய்தியைத் தாங்கிய கல்வெட்டு வடமொழிப் பாட்டும் தமிழ் உரைநடையும் கலந்தது. மூன்றாம் கிருட்டிணனின் 20ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய 959இல், பொறிக்கப்பட்டது. தம் இளவரசனைக் கொன்ற படையை நடத்திய மன்னனின் ஆட்சியாண்டை இட்டே சதுரானனர் தம் கொடையைப் பதியவேண்டியிருந்தது. தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில் இருந்ததால் வேறு வழியில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த வரியைக் கடப்பவர் சற்றே நிற்பர். அவர் தந்தது 100 நிட்கப் பொன். நரசிம்ம மங்கலத்துச் சபையார் அதைப் பெற்று, அதன் வட்டியைக் கொண்டு, அவர் பிறந்த நாள்மீனான அவிட்டந்தோறும் சிறப்பு வழிபாடு நடத்த ஒப்பினர்.

இவரும், 943இல் தென்னார்க்காட்டில் ‘கிராமம்’ என்ற பெயருடைய ஊரில் கற்கோயில் எடுத்த மலைநாட்டுத் தளபதி வெள்ளங்குமரனும் ஒருவரே என்று சிலர் கருதுவர். இருவரும் கேரளத்தார், இருவரும் இராசாதித்தனைச் சார்ந்தவர், காலமும் ஒத்துவருகிறது. பெயர்கள் மட்டும் ஒத்துவரவில்லை. ஆகவே இதை ஏற்கத்தக்க ஊகம் என்ற அளவில் கொள்வதே நல்லது. தீட்சை அளித்த நிரஞ்சனர், பல்லவர் கால நிரஞ்சன குரவரே என்றால் அவர் மிக நீண்ட ஆயுள் பெற்றிருக்க வேண்டும். மடத் தலைவரின் பெயர் அடுத்தவர்க்குப் பட்டமாக இறங்குவது வழக்கமாதலால், இது வேறொருவராகவும் இருக்கலாம். சதுரானனர் என்ற பெயருக்கே அந்நிலை நேர்ந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்திலும் (1012–1044) இரண்டாம் இராசாதிராசன் காலத்திலும் அதே பெயர் கொண்ட பண்டிதர்களை இங்குக் காண்கிறோம்.

இராசேந்திரன் காலத்துச் சதுரானனர் சொற்படி, இரவி என்ற வீரசோழத் தச்சன் கருவறையைக் கருங்கல்லால் எடுத்தான். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானைமாட வடிவம் இன்றும் காணத்தக்கது. இரண்டாம் இராசாதிராசன் ஒரு பங்குனி உத்திர விழாவில் மகிழ மரத்தடியில் அமர்ந்து சுந்தரர் வரலாற்றைக் கேட்டபோது, உடனிருந்தவர்களுள் சதுரானன பண்டிதரும், சோம சித்தாந்தம் உரைக்கும் வாகீசுவர பண்டிதரும் குறிக்கப்படுகின்றனர். இறைவன் பாணினிக்கு இலக்கணம் அருளிய தலம் என்ற நம்பிக்கையால் வியாகரண மண்டபம் ஒன்றும் இங்கு நிறுவப்பட்டது.

பாசுபத சாதனை

இம்மடம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குசராத்தின் காயாவரோகணத்தில் தோன்றியவராகக் கருதப்படும் லகுலீசரின் பாசுபத நெறி என்பது பரவலான கருத்து. அவ்வூர்ப் பெயரே நாகைக்காரோணம், குடந்தைக்காரோணம் என்ற தமிழ்நாட்டுத் தலப்பெயர்களில் ஒலிக்கிறது. ஒற்றியூர்க் கோயில் வளாகத்தில் உள்ள கௌளீசர் சன்னதியையும் இதற்குச் சான்றாக்குவர். சோம சித்தாந்தம் காபாலிகத்தோடு இணைத்துப் பேசப்படுவதால் சிலர் காளாமுகரையும் காபாலிகரையும் இங்குக் காண்கின்றனர். 12ஆம் நூற்றாண்டுக்குள் சோம சித்தாந்தம் என்ற சொல் எப்பொருளில் வழங்கியது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

பாசுபத சாதனை ஐந்து நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் சாதகன் கோயிலில் தங்கி, முப்பொழுதும் நீற்றில் குளித்து, நீற்றிலேயே படுப்பான். சிரிப்பு, பாட்டு, கூத்து, எருதுபோல் முக்காரமிடுதல் ஆகியவையே அவன் இறைவனுக்குப் படைப்பவை. இரண்டாவது நிலையில் அடையாளங்களைக் களைந்து ஊருக்குள் போவான். உறங்குபவன்போல் குறட்டைவிடுவான், நொண்டுவான், நடுங்குவான், பித்தன்போல் உளறுவான். கண்டவர் இகழ வேண்டும் என்பதே நோக்கம். குற்றமற்றவனை இகழ்பவரின் புண்ணியம் அவனைச் சேரும். அவன் பாவம் அவர்களிடம் போகும் என்பது அந்நெறியின் கணக்கு. அவமதிப்பையே வரவாக எழுதிக்கொள்ளும் இந்தப் படி, பதஞ்சலியிலோ திருமூலரிலோ இல்லாதது. மூன்றாவது நிலையில் குகையிலோ பாழ்வீட்டிலோ ஐம்புலன் அடக்கி மந்திரம் செபிப்பான். நான்காவதில் சுடுகாட்டில் கிடைத்ததை உண்டு வாழ்வான். உடல் விழுந்து உருத்திரனோடு சேர்வது ஐந்தாம் நிலை. அப்பேற்றுக்குத் ‘துக்காந்தம்’, துன்பத்தின் முடிவு, என்று பெயர்.

மடங்கள் பொன்னும் நிலமும் பெற்று ஊர்ச் சபைகளோடு ஒப்பந்தம் செய்யும் அமைப்புகளாகிவிட்ட 10ஆம் நூற்றாண்டில் இப்பழைய நியமங்கள் எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டன என்பது வேறு கேள்வி. கல்வெட்டுகள் பேசுவது கொடையை. நூல்கள் பேசுவது பயிற்சியை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் படிப்பதில் எச்சரிக்கை வேண்டும்.

பட்டினத்தார்

பதினொராந் திருமுறையில் ‘திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது’ பாடிய பட்டினத்தார் 10ஆம் நூற்றாண்டினர் என்பர். துறவுப் பாடல்களால் மக்களிடையே புகழ்பெற்றவர் பல நூற்றாண்டு பிற்பட்டவர் என்றும், இருவரும் ஒருவரல்லர் என்றும் கொள்வோர் பெரும்பான்மையர். ஊர் மரபு அந்தப் பிரிவினையைப் பொருட்படுத்துவதில்லை. கையிலிருந்த பேய்க்கரும்பு எந்த இடத்தில் இனிக்கிறதோ அங்கே முத்தி என்று அறிந்திருந்த அவர், ஒற்றியூரில் அது இனித்ததும் தங்கினார். கடற்கரைச் சிறுவர்களோடு மணலில் விளையாடி, தம்மை மூடச் சொல்லி, திறந்து பார்த்தபோது இலிங்கமாகியிருந்தார் என்பது கதை. யோக நூல்கள் எட்டாம் உறுப்பாக வைத்த சமாதியைச் சிறுவர் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறது இக்கதை. ஆடி உத்திராடத்தில் அவருக்குக் குருபூசை நடக்கிறது.

குணங்குடி மஸ்தான் சாகிபு

இராயபுரத்தில் அடக்கமாகியுள்ள இச்சூஃபி கவிஞரின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகில் குணங்குடியில் 1788இல் பிறந்தார் என்றும் 1792இல் என்றும் கூறுவர், மறைவு 1838. சரீஅத்து, தரீக்கத்து, ஹகீகத்து, மஃரிபத்து என்ற நான்கு படிகளைக் கொண்டது சூஃபி நெறி. சரியை முதலிய நான்கோடு இதை ஒப்பிடுவது தமிழ்ச் சூழலில் இயல்பாக எழுந்தது. ‘முகியித்தீன் சதகம்’ பாடிய அவரே ‘மனோன்மணிக் கண்ணி’யும் ‘நந்தீசுரக் கண்ணி’யும் பாடினார், மூலாதாரம், வாசி, குண்டலி என்ற சித்தர் சொற்கள் அவரிடம் தடையின்றிப் புழங்குகின்றன. சைவப் புலவர் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மேல் நான்மணிமாலை பாடியுள்ளார். தொண்டியிலிருந்து வந்த அவரை ஊரார் ‘தொண்டியார்’ என்று அழைத்ததால் தண்டையார்பேட்டை என்ற பெயர் வந்தது என்பர். கதை அழகானதுதான். ஆனால் 1693இல் எழும்பூர், புரசைவாக்கத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஊர்ப்பட்டியலில் தண்டையார்பேட்டையும் இருக்கிறது. அப்போது மஸ்தான் பிறக்கவில்லை.

இராமலிங்க அடிகள்

வள்ளலார் (1823–1874) சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் தமையன் வீட்டில் வளர்ந்தார். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் நடந்து திருவொற்றியூருக்குப் பல ஆண்டுகள் வழிபட வந்தார். ‘வடிவுடை மாணிக்க மாலை’, ‘எழுத்தறியும் பெருமான் மாலை’, ‘இங்கித மாலை’ ஆகியவை இத்தலத்தைப் பற்றியவை. ஒருநாள் வழிபாட்டை முடித்து இரவு கடந்து வீடு திரும்பி, கதவைத் தட்டத் தயங்கித் திண்ணையில் படுத்தவருக்கு, ஒற்றியூர் இறைவியான வடிவுடையம்மன் அண்ணியின் உருவில் வந்து சோறிட்டாள் என்று வரலாற்று நூல்கள் கூறும். தேரடித் தெருவில் ஆடையின்றி அமர்ந்து, போவோர் வருவோரை நாய், மாடு, கழுதை எனச் சொல்லிவந்த துறவி ஒருவர், வள்ளலாரைக் கண்டதும் இதோ ஒரு மனிதன் போகிறான் என்றாராம். தாம் இகழப்படுவதை நாடிய பழைய பாசுபதனுக்கு நேர்மாறாக, இவர் ஊரை இகழ்ந்திருக்கிறார்.

அடிகள் சென்னையை விட்டு நீங்கியபின் அவர் போதனையில் படிமுறை மாறியது. நால்வகை மார்க்கத்தை அவர் பேசினாலும், ஏணியின் அடியில் சீவகாருண்ணியத்தை வைத்தார். 1867இல் வடலூரில் தொடங்கிய தருமச்சாலை அதன் செயல்வடிவம். இந்திரிய, கரண, சீவ, ஆன்ம ஒழுக்கங்கள் நான்கையும் பயின்றவர் சுத்த, பிரணவ, ஞான தேகங்களைப் பெறுவர் என்பது அவர் கொள்கை. பேறு என்பது உடலை உதறுவதல்ல, உடலையே மாற்றுவது என்ற இக்கருத்து திருமூலரோடு நெருங்கியும் பாசுபதரிடமிருந்து விலகியும் நிற்கிறது.

அண்மைக் காலம்

நாய்களுக்கு உணவிட்டுவந்த பாடகச்சேரி இராமலிங்க சுவாமிகள் 1949இல் திருவொற்றியூரில் சமாதியடைந்தார். 20ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலை, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, எண்ணூர் அனல்மின் நிலையம் ஆகியவை இப்பகுதியின் முகத்தை மாற்றின. பட்டினத்தார் கோயில் இப்போது கன்டெய்னர் லாரிகள் வரிசையாகச் செல்லும் எண்ணூர் சாலைக்கு அருகில் உள்ளது. அதற்கப்பால் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். ஒற்றியூர்க் கோயில் இறைவனான ஆதிபுரீசுவரரின் புற்றுருவான இலிங்கத்தின் மீதுள்ள கவசம் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் களையப்படுகிறது. அந்நாள்களில் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவர். தேரடியில் 2022 முதல் மெட்ரோ ரயில் நிற்கிறது.