க்ஷயரோகியின் வீட்டுவாசல்

க்ஷயரோகத்துக்கு மருந்தென்று ஒன்று ஏற்படாதிருந்த காலத்தில், தூய காற்றும் புஷ்டியான ஆகாரமும் பூரண ஓய்வுமே சிகிச்சையென்று ஐரோப்பிய வைத்தியர்கள் நிச்சயித்து, ஊருக்கு வெளியே மரங்கள் அடர்ந்த இடங்களில் சானடோரியங்களைக் கட்டினார்கள். அங்கே மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து, எடை கூடி, முகத்தில் களை வந்த பிறகு நோயாளியை வாழ்த்தி வழியனுப்புவார்கள். அவனோ காற்றுப் புகாத தன் ஒற்றை அறைக்கும், ஆலை வேலைக்கும், வாசலில் காத்திருக்கும் கடன்காரனுக்கும் திரும்பிச் சென்று, சில காலத்துக்குள் முன்னிலும் மோசமாக இருமிக்கொண்டு மறுபடி வந்து நிற்பான். இடைப்பட்ட நாட்களில் அவன் எப்படி ஜீவித்தான், என்ன தின்றான், யாருடன் படுத்துறங்கினான் என்பதெல்லாம் ஆஸ்பத்திரி ஏட்டில் ஏறாத விஷயங்கள்.

இந்தக் குறையை உணர்ந்தவர்கள் ஆதியிலேயே சிலர் இருந்தார்கள். எடின்பரோவில் 1887-இல் டிஸ்பென்சரி தொடங்கிய ராபர்ட் பிலிப், நோயாளியின் வீட்டையும் சிகிச்சைக்கு உட்பட்ட இடமாகவே கருதி, அங்கே நர்ஸை அனுப்பிவைத்தார். கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்வொர்த்தில் 1918 முதல் வேரியர்-ஜோன்ஸ் என்பவர், நோயாளிகள் குடும்பத்தோடு வசிக்க வீடும் உடம்பு தாங்கும் அளவுக்கு வேலையும் கொடுத்து ஒரு கிராமத்தையே நிர்மாணித்தார். உயர்ந்த யோசனைதான், ஆனால் நோயாளிகள் எல்லோருக்கும் கிராமம் கட்டித்தர எந்த தேசத்தால் ஆகும்?

நம் பக்கத்தில் தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் ஸ்தாபித்த டாக்டர் சௌரி முத்து, அதற்குமுன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்திக் கீர்த்தி பெற்றவர். கணித மேதை ராமானுஜன் 1917-இல் சில காலம் அங்கே நோயாளியாக இருந்திருக்கிறார். பிறகு மாட்லாக், லண்டன், பட்னி என்று இடம் மாறிக்கொண்டே போனார். வயிற்றுப்புண் என்றும், க்ஷயம் என்றும், ரத்தத்தில் விஷம் கலந்ததென்றும் அபிப்பிராயங்களும் மாறிக்கொண்டே போயின. 1919-இல் தாயகம் திரும்பி, மறு வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். பல பத்தாண்டுகள் கழித்துப் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் துருவிப் பார்த்த மருத்துவர்கள் சிலர், அது க்ஷயமே அல்ல, இளமையில் சென்னையில் கண்ட சீதபேதியின் தொடர்ச்சியாக ஈரலைப் பற்றிய நோயாக இருக்கலாம் என்று வாதித்திருக்கிறார்கள். வாதம் தீர்ந்தபாடில்லை. அத்தனை வைத்தியர்கள் பார்த்தும், அந்த உடம்பின் பூர்வசரித்திரம் முழுவதையும் தம் கையில் வைத்திருந்தவர் ஒருவர் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதே சேத்துப்பட்டில்தான் 1956-இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி, க்ஷயரோக மருந்துச் சிகிச்சைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. மருந்துகள் அதற்குள் வந்துவிட்டன. படுக்கைகள்தாம் நோயாளிகளின் தொகைக்குச் சிறிதும் எட்டவில்லை. ஆகவே வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியரின் தலைமையில், சென்னையின் ஏழை எளியவர்களான 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்துக்கும் மறு சாராரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இரு சாராருக்கும் ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே இரண்டு மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள்.

வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, உணவும் குறைவு. நெரிசலான குடியிருப்பில் மனைவி மக்களோடு ஒன்றாகப் புழங்கினார்கள். அப்படியிருந்தும் வருஷ முடிவில், நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் என்றால் வீட்டில் 86 பேர். குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து கண்காணித்ததில், நோயாளி வீட்டிலேயே தங்கியதால் அவர்களுக்கு அதிகப்படியாக ஆபத்து விளைந்ததாகவும் தெரியவில்லை. இந்த முடிவுகள் வெளிவந்தபின், உலகெங்கும் சானடோரியங்களின் அவசியமே கேள்விக்கு உள்ளாயிற்று.

இந்த வெற்றி மருந்தினுடையது மட்டும் என்று நினைப்பது பிசகு. பி.ஏ.எஸ். விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். இருமல் நின்று உடம்பு தேறியதாகத் தோன்றியதும் அதை நிறுத்திவிடத் தோன்றுவது மனித சுபாவம். அதனால் வாரம் ஒருமுறை மருந்து வாங்க வருபவரைப் பார்த்து அனுப்புவதோடு நில்லாமல், நிலையத்தின் செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் முன்னறிவிப்பின்றிச் சந்துபொந்துகளைத் தேடிப் போய், மீதியிருக்கும் மருந்தை எண்ணிப் பார்த்து, மூத்திரத்தில் மருந்தின் அடையாளம் இருக்கிறதா என்று பரிசோதிக்க மாதிரி எடுத்து வந்தார்கள். வாராதவரை விட்டுவிடாமல் தேடினார்கள். சிகிச்சை முடிந்தபிறகும் வருஷக்கணக்கில் அந்தத் தொடர்பு அறுந்துபோகவில்லை. சானடோரியத்தின் மதிற்சுவர் செய்த காரியத்தைச் சென்னையில் இவர்களுடைய கால்கள் செய்தன என்றே சொல்ல வேண்டும்.

பின்னால் 1962-இல் தேசிய க்ஷயரோகத் திட்டம் வகுக்கப்பட்டபோது, படுக்கை வேண்டாம், வீட்டிலிருந்தே குணமாகலாம் என்ற பாதி எல்லோருக்கும் உவப்பாயிருந்தது. அது செலவைக் குறைப்பது. வீடு தேடிப் போகவேண்டும் என்ற மறுபாதிக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருந்தபடியால், ஜில்லாதோறும் ஏடுகளில் சிகிச்சையைத் தொடங்கியவர் பலர், முடித்தவர் சிலர் என்ற நிலைமை நேர்ந்தது. எதிரே நின்று மருந்தை விழுங்கச் செய்யும் முறை 1990-களில் அகில உலகிலும் பரவி இந்தியாவிலும் திட்டமாக்கப்பட்டபோது, நடக்க வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் நோயாளியின் தலையில் விழுந்தது; வாரத்தில் மூன்று நாள், அன்றாடக் கூலியை விட்டுவிட்டு அவர் மையத்துக்கு வந்து நிற்க வேண்டியதாயிற்று.