ஹிர்கலின் அரசி மர்த்தினா

அபூஸுஃப்யானைத் தம் அவைக்கு அழைத்து நபி (ஸல்) அவர்களைப் பற்றி விசாரித்த ரோமப் பேரரசர் ஹிர்கலை ஸஹீஹுல் புகாரி வழியாக நாம் நன்கறிவோம். அவருடைய அரசி மர்த்தினாவை அறிந்தோர் சிலரே. எகிப்து முஸ்லிம்களின் ஆளுகைக்குள் வந்த வரலாற்றில் இவ்வம்மையாருக்கும் ஓர் இடமுண்டு.

ஹிர்கல் என்னும் ஹெராக்ளியஸ் (ஆட்சி 610–641), முதல் மனைவி யூடோக்கியா 612இல் இறந்தபின், தம் சகோதரி மரியாவின் மகளான மர்த்தினாவை மணந்தார். நம் ஷரீஅத்தைப் போன்றே ரோமச் சட்டமும் அவ்வுறவைத் தடுத்திருந்தது. தலைமை ஆயர் செர்கியுஸ் கண்டித்தும் மன்னர் கேட்கவில்லை. பிறந்த குழந்தைகளுள் ஒருவர் செவிடாகவும் ஒருவர் கழுத்தைத் திருப்ப இயலாதவராகவும் இருந்ததை மக்கள் இறைதண்டனை என்றனர். மர்த்தினாவோ பாரசீகப் போர்களிலும் கணவருடன் சென்றார்.

641 பிப்ரவரியில் (ஹிஜ்ரி 20) ஹெராக்ளியஸ் இறந்தார். மூத்தாள் மகன் மூன்றாம் கான்ஸ்டன்டைனும் மர்த்தினாவின் மகன் ஹெராக்ளோனாஸும் இணைந்து ஆளவேண்டும், இருவரும் மர்த்தினாவைத் தாயாகவும் அரசியாகவும் மதிக்கவேண்டும் என்பது அவரது மரண சாஸனம். அதை மக்கள்முன் வைத்து மர்த்தினா முதன்மை கோரினார். மன்னர்களின் தாய் என்ற கண்ணியம் உமக்குண்டு, ஆனால் அன்னிய நாட்டுத் தூதரை வரவேற்றுப் பேச உம்மால் ஆகாது என்று கூட்டத்தார் மறுத்துவிட்டதாக நிக்கெபோரஸ் எழுதுகிறார். ‘அகஸ்தா’ என்ற பட்டத்தின் எல்லை இதுதான். 414இல் அப்பட்டம் பெற்றுத் தம்பியின் அரசில் பெருஞ்செல்வாக்குடன் திகழ்ந்த புல்கேரியாவும், 450இல் அத்தம்பி இறந்தபோது மார்சியனை மணந்தே அரியணைக்கு வழி காணவேண்டியிருந்தது.

மே மாதத்தில் கான்ஸ்டன்டைன் இறந்தார். நஞ்சிட்டவர் மர்த்தினா என்ற பழி பரவிற்று. அவர் நெடுநாள் நோயாளி என்பதையும், பழி கூறியோர் பின்னர் வென்ற தரப்பினர் என்பதையும் மறக்கலாகாது.

முஸ்லிம்களுடன் உடன்படிக்கை பேசியதற்காக ஹெராக்ளியஸ் நாடுகடத்தியிருந்த ஆயர் கைரஸைச் சமாதான அதிகாரத்துடன் எகிப்துக்குத் திருப்பி அனுப்பியது மர்த்தினாவின் அரசே. நிகியு நகர ஆயர் யோவானின் வரலாறு இதைத் தெரிவிக்கிறது. (அந்நூலின் அரபு வடிவம் தொலைந்து, அதிலிருந்து பெயர்த்த எத்தியோப்பிய வடிவமே எஞ்சியிருப்பது அரபு பயில்வோருக்கு இழப்புதான்.) செப்டம்பரில் இஸ்கந்தரிய்யா வந்த கைரஸ், நவம்பரில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுடன் ஒப்பந்தம் செய்தார். ஜிஸ்யாவுக்கு இசைந்து, பதினொரு மாதத்தில் ரோமப் படை வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு.

அதே ஆண்டில் தளபதி வாலன்டினஸின் கிளர்ச்சி மர்த்தினாவை வீழ்த்திற்று. ஹெராக்ளோனாஸின் மூக்கும் மர்த்தினாவின் நாவும் அறுக்கப்பட்டு, இருவரும் ரோட்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டனர். மூக்கறுபட்டவர் அரசாள முடியாது என்பது அக்கால எண்ணம். அரசிக்கு நாவைத் தேர்ந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கான்ஸ்டன்டைனின் மகன், பதினொரு வயது கான்ஸ்டன்ஸ், அரியணையில் அமர்ந்தார். ஆயினும் ஒப்பந்தம் நின்றது. 642 செப்டம்பரில் ரோமப் படை இஸ்கந்தரிய்யாவை விட்டுக் கப்பலேறியது.