பதின்ம வயதுப் பிள்ளைக்கு வீட்டில் கல்வி: 10, 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் வரை கொண்டு செல்வது எப்படி?

ஹிஃப்ழ் முடித்து 14 வயதில் வீடு திரும்பும் மகன். எட்டாம் வகுப்பு வரை பக்கத்திலேயே படித்துவிட்டு, உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருப்பதால் நின்றுபோன மகள். வளைகுடாவிலிருந்து கல்வியாண்டின் நடுவில் ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். நீண்ட நாள் நோயால் வகுப்புக்குப் போக முடியாத பிள்ளை. நம் வீடுகளில் "இனி வீட்டிலேயே படிக்கட்டும்" என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. யோசித்து, விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியவை மூன்று: பிள்ளை எந்தத் தேர்வை எழுதப்போகிறது, எந்த ஆண்டில், எந்தப் பாடங்களில்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுத முடியாத நிலையில் பள்ளியை விட்டு நிறுத்தக்கூடாது என்பதே நம் கருத்து.

ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்பது வேறு. ஓராண்டு பிந்தினாலும் ஈடுகட்டிவிடலாம். 14 வயதில் அப்படியல்ல. இரண்டு ஆண்டு கைநழுவினால் பிள்ளைக்கே படிப்பில் பிடிப்பு போய்விடும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில் "வீட்டில் படிக்கிறாள்" என்பது படிப்பை நிறுத்தியதற்கு நாம் வைத்த மரியாதையான பெயராக மாறிவிடும் ஆபத்து உண்டு. தேர்வுக்குப் பதிவு செய்த ரசீது கையில் இருந்தால்தான் அது படிப்பு. ஆண் பிள்ளைகளுக்கும் ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. 10-ஆம் வகுப்பு தேர்ச்சி இல்லாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடியகல்வுச் சரிபார்ப்பு தேவை என்ற முத்திரை விழும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அவர்கள் தனி அனுமதி பெற வேண்டியிருக்கும். சபர் போய்வந்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பள்ளியை விடுமுன் போட வேண்டிய கணக்கு

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. 14 வயதைக் கடந்த பிள்ளை வீட்டிலிருந்து படித்து, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தின் தேர்வை எழுதுவதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை. ஆனால் தடை இல்லை என்பதால் இழப்பும் இல்லை என்று ஆகிவிடாது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் இழப்பு பெரிது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அதைப் பெற 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 6 முதல் 12 வரையிலான பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கிறது. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளியிலிருந்து சான்று கேட்கப்படும். தனித்தேர்வராக எழுதியவர்களுக்கு அது கிடைப்பது கடினம். ஒரே ஒரு ஆண்டு வெளியே எடுத்தாலும் இவை போய்விடும். எனவே அரசுப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு, தவிர்க்க முடியாத காரணம் இல்லாவிட்டால், வீட்டுக் கல்வியை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடு சாதிச் சான்றிதழைப் பொறுத்தது. எங்கிருந்து படித்தார் என்பதால் அது பாதிக்கப்படாது.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் "முஹம்மது", ஆதாரில் "முகமது", பள்ளி மாற்றுச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல், இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், மற்றோரிடத்தில் வாப்பாவின் முழுப் பெயராக... நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை! தேர்வுக்குப் பதிவு செய்த பெயர்தான் 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் வரும். பிறகு கல்லூரி, பாஸ்போர்ட், வேலை எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. பதிவுக்கு முன்பே ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் ஒன்றுபோல் ஆக்கிக்கொள்வது, பிறகு அலையும் அலைச்சலை மிச்சப்படுத்தும். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழையும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி விவரத்தையும் வாங்காமல் வெளியேற வேண்டாம்.

இரண்டு வழிகள்

முதல் வழி, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை நேரடித் தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினான்கரை வயதும் வேண்டும். எட்டாம் வகுப்பையே பள்ளியில் முடிக்காதவர்கள், பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால், எட்டாம் வகுப்புக்கான தனித்தேர்வை முதலில் எழுதிக்கொள்ளலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் தேர்ச்சி மதிப்பெண் 35. இங்கே பலர் கவனிக்காமல் விடுவது அறிவியல் செய்முறையை. மாவட்டக் கல்வி அலுவலகம் குறிப்பிடும் பள்ளியில் செய்முறை வகுப்புக்குத் தனியாகப் பதிவு செய்து, போய்வர வேண்டும். அந்த அறிவிப்பு பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

இரண்டாவது வழி என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989-இல் தொடங்கப்பட்டது. நொய்டாவில் தலைமையகம். சிபிஎஸ்இ போலவே இதுவும் தேசிய அளவிலான வாரியம். வளைகுடா நாடுகளிலும் இதற்கு மையங்கள் உண்டு. 10-ஆம் வகுப்புக்கு 14 வயதும் 12-ஆம் வகுப்புக்கு 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். 10-ஆம் வகுப்புக்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், படிக்கும் திறன் இருப்பதாகத் தரும் சுய உறுதிமொழியை ஏற்கிறார்கள். ஹிஃப்ழ் மத்ரஸாவில் சில ஆண்டுகள் இருந்து பள்ளி வரிசை அறுந்துபோன பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.

குறைந்தது ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும். அவற்றில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். இரண்டு மொழிகள் வரை எடுக்கலாம். தேர்ச்சி மதிப்பெண் 33. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஐந்து பாடங்களையும் ஒன்றாக எழுத வேண்டியதில்லை. இம்முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என எழுதலாம், தேறிய பாடம் கணக்கில் நிற்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்பு உண்டு, அதற்கு 20 சதவீத மதிப்பெண். இதை அலட்சியமாக விட்டுவிட்டுத் தேர்வில் மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைப்பது தேவையில்லாத துணிச்சல்.

எது நல்லது? பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரும், அரசு வேலை அல்லது மாநிலக் கல்லூரிகள்தாம் குறி என்றால் மாநில வாரியத்தின் தனித்தேர்வே பாதுகாப்பானது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் என்ஐஓஎஸ் சான்றிதழை இணையாக ஏற்பது பற்றி இதற்கு முன் கேள்விகள் எழுந்திருக்கின்றன. அந்த வழியில் போகிறவர்கள் இப்போதைய நிலையை எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். வெளிநாட்டில் படித்து வந்ததால் தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை, உடல்நலமில்லாத பிள்ளை, ஒரே மூச்சில் ஐந்து பாடம் தாங்காத பிள்ளை ஆகியோருக்கு என்ஐஓஎஸ் பொருத்தம்.

பாடத் தேர்வில் மூடிவிடும் கதவுகள்

என்ஐஓஎஸ்ஸில் சுதந்திரம் அதிகம். ஆபத்தும் அங்கேதான். கணக்கு வராது, அறிவியல் பிடிக்காது என்று மனையியல், ஓவியம், தரவு உள்ளீடு எனச் சுலபமானவற்றை மட்டும் எடுத்து 10-ஆம் வகுப்பைத் தாண்டிவிடலாம். சான்றிதழ் கிடைக்கும். ஆனால் ஐடிஐயில் எலக்ட்ரீசியன் போன்ற பிரிவுகள் 10-இல் கணிதமும் அறிவியலும் கேட்கும். பதினான்கு வயதில் நாம் மூடிய கதவைப் பதினெட்டு வயதில் பிள்ளை தட்டும். கணிதம், அறிவியல், ஆங்கிலம் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டில் விருப்பத்துக்கு இடம் கொடுப்பது நல்லது.

மொழிகளில் தமிழும் அரபும் உருதுவும் இருக்கின்றன. "ஹாஃபிழ் பிள்ளைதானே, அரபு எடுத்தால் எளிதாகத் தேறிவிடுவான்" என்று சிலர் சொல்வதுண்டு. குர்ஆனை மனனம் செய்ததால் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கட்டுரையும் தானாக வந்துவிடாது. பழைய வினாத்தாள் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

12-ஆம் வகுப்பில் இரண்டு விஷயங்கள். 10-ஆம் வகுப்பு தேறிய ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகே 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் கிடைக்கும். அவசரப்பட்டுப் பயனில்லை. மற்றொன்று மருத்துவக் கனவு. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்ற பழைய விதி நீதிமன்றம் வரை போனது. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் விவகாரம் முடிந்தபோது, அங்கீகரிக்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளிகளில் படித்தவர்களும் நீட் எழுதலாம் என்பது உறுதியானது. ஜேஇஇ தேர்வுக்கு என்ஐஓஎஸ் மாணவர்கள் குறைந்தது ஐந்து பாடங்களில் தேறியிருக்க வேண்டும். ஆனாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஆய்வகம் இல்லாமல் வீட்டில் படிப்பது கடினமான காரியம். அறிவியல் பிரிவை விரும்பும் பிள்ளை 10-ஐ வீட்டிலிருந்து முடித்துவிட்டு 11-இல் மீண்டும் பள்ளியில் சேர்வதே நல்லது. வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு வீடு போதும்.

வீட்டில் யார் நடத்துவது?

வாப்பா சபரில், உம்மா வீட்டில் என்றிருக்கும் குடும்பங்களில் முழுச் சுமையும் உம்மாவின் தலையில் விழும். அவர் பத்தாம் வகுப்புக் கணிதத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. நேரத்துக்கு உட்கார வைப்பதும், அன்று எழுதியதைப் பார்ப்பதும், வாரம் ஒரு தேர்வு வைப்பதும் போதும். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம். மஹல்லாவில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், ஒரு சிறு தொகை கொடுத்தால் அவர்களுக்கும் உதவி. வாப்பா வீடியோ அழைப்பில் "படிக்கிறாயா?" என்று கேட்பதை விட, "இந்த வாரம் எழுதிய தாளைக் காட்டு" என்று கேட்பது மேல்.

தொடங்கும்போது பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஆறாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைக் கொடுங்கள். பின்னம், தசமம், சதவீதம் வருகிறதா? ஒரு பத்தி ஆங்கிலத்தை வாசித்துப் பொருள் சொல்ல முடிகிறதா? மூன்று நான்கு ஆண்டு பள்ளி இடைவெளி உள்ள பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் இதற்கே போகும். அது வீண் அல்ல. மனனம் செய்து பழகிய பிள்ளைகளுக்கு வரலாறும் உயிரியலும் விரைவில் வரும், கணிதம்தான் மல்லுக்கு நிற்கும். ஃபஜ்ருக்குப் பிறகு ஓதியதை மீட்டிக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பின் முதல் ஒரு மணி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்து, ளுஹருக்கு முன் இன்னும் இரண்டு பாடம் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. ஒழுங்காக நடந்தால் அது போதுமான நேரம். அஸருக்குப் பிறகு விளையாட விடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டாளிகள் இல்லாமல் போவது, பாடம் பிந்துவதை விடப் பெரிய தொல்லை. பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அதே தேர்வை எழுதும் இன்னும் இரண்டு மூன்று பேரை ஊரில் தேடி ஒரு வீட்டில் சேர்ந்து படிக்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

செலவு பயப்படும் அளவு இல்லை. மாநிலப் பாடநூல்களும் என்ஐஓஎஸ் நூல்களும் இணையத்தில் இலவசம். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் கிடைக்கின்றன. என்ஐஓஎஸ் பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் தனியார் பள்ளியின் ஒரு பருவக் கட்டணத்தை விடப் பொதுவாகக் குறைவு. கேம்பிரிட்ஜ் தேர்வுகளைத் தனியாக எழுதும் வழியும் நகரங்களில் உண்டு, ஆனால் அதன் செலவு நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதது.

ஏமாறும் இடங்கள்

"தேர்வுக்கு வந்தால் போதும், தேர்ச்சிக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொல்லிப் பணம் கேட்கும் தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பதிவை அரசு இணையதளத்தில் நீங்களே செய்யுங்கள், கடவுச்சொல்லை வேறு யாரிடமும் விடாதீர்கள். பெயரில் "தேசிய", "திறந்தநிலை" என்றெல்லாம் இருந்தும் அங்கீகாரம் இல்லாத வாரியங்களும் உண்டு. பள்ளிக் கல்வி வாரியங்களின் கூட்டமைப்பான கோப்சே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

10, 12 எதுவும் வேண்டாம், 18 வயதானதும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிடலாம் என்ற யோசனையும் இன்னும் உலவுகிறது. 10, 12, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழ்நாடு அரசு 2009-இலேயே ஆணையிட்டுவிட்டது. அப்படிப் பட்டம் பெற்ற பலர் நீதிமன்றம் வரை போயும் பலனில்லை.

தேர்வு முடிந்து முடிவு வந்ததும் மதிப்பெண் பட்டியலோடு இடப்பெயர்ச்சிச் சான்றிதழையும் கையோடு வாங்கிப் பெயர், பிறந்த தேதி, வாப்பா உம்மா பெயர் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்த விண்ணப்பிப்பது எளிது. கல்லூரிச் சேர்க்கைக்கு நான்கு நாள் இருக்கும்போது அது நடக்காது.